தூளியில் போட்ட சட்டை

என் மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. கடைக்கு அனுப்பி, சர்க்கரையும் தீப்பெட்டியும் வாங்கிட்டு வா கண்ணு என்றால், இரண்டில் ஒன்றுதான் வீடு வந்து சேரும். சின்னப் பிள்ளைதானே, எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். இவள் பிறவியிலேயே மறதிக்காரியாக இருக்கலாம். இவள் அப்பாவுக்கே குடையை எங்கேயாவது மறந்து வைக்காமல் வீடு வரத் தெரியாது. ஆனால் அதை நம்பி நிம்மதியாக இருக்கிற வழி எனக்கு அடைபட்டுப் போச்சு. அடைத்தது ஒரு சட்டை.

ஏற்காட்டுக்கு வந்து போனவர்கள் பார்த்திருப்பார்கள். எஸ்டேட் வேலைக்குப் போகிற நாங்கள் எல்லோரும் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருப்போம். புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. காப்பிச் செடி கையைக் கீறும், அட்டை ஏறும், பனி எலும்புக்குள் இறங்கும். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சட்டைதான். காலையில் மாட்டினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி உலை வைத்த பிறகும் உடம்பில்தான் இருக்கும். அதை வேலைத் துணி என்று யாரும் நினைப்பதில்லை. குளிருக்குப் போட்டது, அவ்வளவுதான்.

எங்கள் கிளியூர்ப் பக்கம் கைக்குழந்தைக்காரிகளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொருத்திக்கும் இரண்டு சட்டை இருக்கும். ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். முந்தின நாள் போட்ட மற்றதைத் தூளிக்குள் பிள்ளையின் கன்னத்தடியில் மடித்து வைத்துவிட்டுப் போவாள். துவைக்கக் கூடாது. துவைத்தால் அம்மா வாசம் போய்விடும், பிள்ளை ஊரைக் கூட்டும். அம்மா எட்டு மணி நேரம் மலைச் சரிவில் நிற்பாள், சட்டை வீட்டில் இருந்து பிள்ளையைத் தூங்க வைக்கும். நானும் அப்படி ஒரு சட்டையில் மூக்கைப் புதைத்துத் தூங்கி வளர்ந்தவள்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சட்டையில் காப்பிப் பிசினும் வேர்வையும்தானே இருந்தது.

கல்யாணம் ஆன மறு வருஷம் நான் எஸ்டேட்டை விட்டு நின்றேன். எங்கள் வீட்டுக்கு மேலே, பழைய காப்பி உலர்த்துகிற ஷெட்டை வெளியூரிலிருந்து வந்த ஒரு மேடம் எடுத்து, பீங்கான் மாதிரி மண் சாமான் செய்கிற பட்டறை போட்டிருந்தார். ஊரில் அதற்குப் பானைக் கம்பெனி என்று பெயர். டூரிஸ்ட்டுகள் வாங்குகிற கப்பு, பூந்தொட்டி, தொங்கவிடுகிற விளக்கு எல்லாம் செய்வோம். வேலைக்கு ஐந்து பேர். பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கலர் ரூம் என் கைக்கு வந்தது.

கலர் ரூம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு தராசு, சுவரோரம் பொடி டப்பாக்கள், தரையில் வாளிகள். சுட்ட மண்ணின் மேல் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வர ஒரு குழம்பு பூச வேண்டும். அதற்கு கிளேஸ் என்று பெயர். பொடிகளை எடை போட்டு, தண்ணீரில் கலக்கி, சலித்து அந்தக் குழம்பைத் தயார் செய்வது என் வேலை. கோபால்ட் பொடி டப்பாவில் கரியாக இருக்கும், சூளைக்குள் போய் வந்தால் நீலம். காப்பரும் கரிதான், அது பச்சையாக வரும். பார்த்தால் எல்லாம் அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கும். அதனால்தான் மேடம் முதல் நாளே சொன்னார், இந்த ரூமில் எதையும் கண்ணால் பார்த்து நம்பாதே என்று.

எனக்கு வாய் நீளம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எங்கள் தெருவில் என்னோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை. அந்த வாய்க்கு கலர் ரூமில் நல்ல வேலை கிடைத்தது. மாஸ்க் இல்லாமல் யாராவது எட்டிப் பார்த்தால் போதும், கிழித்துவிடுவேன். துடைப்பத்தை அந்த ரூமுக்குள் விடவே மாட்டேன். கூட்டினால் பொடி பறக்கும், ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். ஒரு தடவை சக்கரத்தில் பானை வனைகிறவர் பாதி டீயோடு உள்ளே வந்து நின்று கதை பேசினார். கிளாஸைப் பிடுங்கி வெளியே கொட்டினேன். உங்க ஊட்டு டீயக் குடிச்சு நீங்க எப்படியாவது போங்க, எங்க ரூம் டீயக் குடிச்சு எங்க தலையில விழாதீங்க என்றேன். மனுஷர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இன்னொரு நாள் டூரிஸ்ட்டாக வந்த ஒரு புது மாப்பிள்ளை, பொண்டாட்டிக்கு வேடிக்கை காட்ட வாளிக்குள் விரலை விட்டார். அவரை நான் கேட்ட கேள்வியில் அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

மேடத்துக்கு என் மேல் உசிர். நீ இருக்கற வரைக்கும் எனக்குப் பயமில்லம்மா என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

மகள் பிறந்து ஏழாவது மாசம் வேலைக்குத் திரும்பினேன். அந்தச் சமயம்தான் மஞ்சள் வந்தது.

எங்களிடம் நீலம் இருந்தது, பச்சை இருந்தது, காவி இருந்தது. மஞ்சள் மட்டும் சரியாக வரவே இல்லை. எப்படிக் கலந்தாலும் அழுக்கு வேட்டி நிறத்தில்தான் வெளியே வரும். பொடி சப்ளை செய்கிறவர் ஒரு நாள் சாம்பிளுக்கென்று ஒரு வெள்ளைப் பொட்டலம் கொண்டுவந்தார். கைக்குள் அடங்குகிற பொட்டலம், தூக்கினால் கல் மாதிரி கனத்தது. மஞ்சள் கலரோடு இதைச் சேர்த்துச் சுட்டுப் பாருங்க என்றார். நான் சுட்டுப் பார்த்தேன். சூளையைத் திறந்தபோது உள்ளே சாமந்திப் பூ நிறத்தில் ஒரு சின்ன மணி தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே நாலு நாளாக வெயில் இல்லை, ஷெட்டுக்குள்ளும் மேகம் புகுந்து கிடந்தது. அந்த இருட்டில் அது ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடம் பொட்டலத்தோடு வந்த தாளைப் படித்தார். முகம் சுருங்கியது. இதில் காரீயம் இருக்கிறது, உடம்புக்குள் போனால் விஷம், நமக்கு வேண்டாம் என்றார். நான் விடவில்லை. கெஞ்சினேன். கப்பு, தட்டு, கிண்ணம் எதற்கும் போட வேண்டாம் மேடம், விளக்கு, மணி, பூந்தொட்டி மட்டும் போடலாம், யார் வாய்க்கும் போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் ஒத்துக்கொண்டார். அந்த மஞ்சளைக் கேட்டு வாங்கியவள் நான்தான். இதை எங்கேயும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்கென்று தனி விதிகள் எழுதினோம். மஞ்சள் வாளிக்குத் தனி சல்லடை, தனிக் கரண்டி. மாஸ்க், கிளவுஸ் கட்டாயம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். நகம் வளர்க்கக் கூடாது. ஏப்ரனை ரூமிலேயே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மேடம் சொல்லச் சொல்ல நான்தான் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒன்றைக்கூட நான் மீறியதில்லை. சத்தியமாக இல்லை. மஞ்சள் பூசின ஒரு சாமான் தவறிக்கூட சாப்பாட்டு மேஜைக்குப் போனதில்லை.

ஏப்ரன் கழுத்திலிருந்து முழங்கால் வரை முன்பக்கத்தை மறைக்கும். கிளவுஸ் மணிக்கட்டு வரை. இடையில் கை முழுக்க, தோள், காலர், முதுகு எல்லாம் என் வீட்டுக்காரருடைய சட்டை. பொடியை டப்பாவிலிருந்து அள்ளித் தராசில் போடும்போது கொஞ்சம் மேலே எழும்பத்தான் செய்யும். ஜன்னலில் வெயில் விழுகிற நாளில் அது மினுமினுவென்று இறங்குவது கண்ணுக்குத் தெரியும். எங்கள் ஊரில் வெயில் விழாத நாள்தான் அதிகம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். பிறகு அந்தச் சட்டையோடு காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி வீட்டுக்கு நடப்பேன்.

வீட்டில் மகளைப் பகலில் பார்த்துக்கொண்டது என் நாத்தனார். வீட்டுக்காரருடைய தங்கை, அடுத்த வீட்டில் இருக்கிறாள், தங்கமான பெண். நான் வாசலில் தலையைக் காட்டினதும் மகள் தவழ்ந்து வருவாள். தூக்கினால் நேராகக் காலரில் முகத்தை வைத்து அழுத்துவாள். சட்டையின் கைமுனையை வாயில் போட்டுச் சப்புவாள். சப்பிச் சப்பி இடது கை நுனி நூல் நூலாகப் பிரிந்திருந்தது. மறு நாள் அந்தச் சட்டை தூளிக்குள் போகும், தூளியில் கிடந்தது என் உடம்புக்கு வரும். இப்படி மாற்றி மாற்றி. மழைக் காலத்தில் கெட்டித் துணி காய நாலு நாள் ஆகும் என்பதால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்து, ஒரு சட்டையை மட்டும் துவைப்பேன். அன்றைக்குத் தூளியில் அழுகை கேட்கும். பாருங்க அண்ணி, வாசம் போயிருச்சு, அதான் கத்தறா என்பாள் நாத்தனார்.

ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. முதலில் சாப்பாட்டைத் தள்ளினாள். வயிறு கல்லாகிக் கிடந்தது, மூன்று நாளைக்கு ஒரு தரம் கூட வெளியே போகவில்லை. காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுவாள். பல் வருது என்றார்கள். வசம்பு உரசிக் கொடுத்தோம். கண்ணு பட்டிருக்கும் என்று நாத்தனார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கோயிலுக்குப் போகிற குடும்பம்தான், இருந்தாலும் பிள்ளை என்று வந்துவிட்டால் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள். நர்ஸம்மா வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். இன்னொரு டாக்டர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதினார். டானிக் பாட்டில் பாட்டிலாக இறங்கியது, பிள்ளை முகம் வெளுத்துக்கொண்டே போனது.

உடம்பு சரியில்லாத பிள்ளை அம்மாவைத்தானே தேடும். நான் வேலைக்குப் போக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மஞ்சள் நட்சத்திர விளக்கு வேண்டும் என்று ஒரு ஓட்டலில் கேட்டிருந்தார்கள், அந்த இரண்டு மாசமும் மஞ்சளைத் தவிர வேறு எதுவும் கலக்கவில்லை. அதனால் பிள்ளை தேறட்டும் என்று தூளிக்குள் ஒரு சட்டைக்கு இரண்டாகப் போட்டோம். வீட்டுக்காரருடைய இன்னொரு சட்டையை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். அவள் எவ்வளவுக்கு எவ்வளவு சுணங்கினாளோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்தச் சட்டைகளைக் கொண்டுபோய் அவள் முகத்தில் வைத்தோம். இதையும் எழுதித்தான் வைக்கிறேன்.

வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். மிளகு பறிக்க மரம் ஏறுகிற வேலை அவருக்கு, மரத்தின் மேலேயே இருந்து இருந்து பேச்சு மறந்துபோச்சு என்று நான் கேலி செய்வேன். அவரே ஒரு நாள், ஏம்புள்ள, கொஞ்ச நாள் லீவு போட்டு இவளப் பாத்துக்கலாமில்ல என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மேடம் என்னை நம்பித்தான் இந்த ஆர்டரை எடுத்தார், நான் இல்லாமல் வேறு யாராவது அந்தப் பொடியைத் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கத்தினேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

உடம்பு சுணங்குவதற்கு முன்னால் மகளுக்கு ஐந்து வார்த்தை தெரியும். அம்மா, அப்பா, தா, பூ, பூனையைக் கண்டால் மியா. ஒன்றரை வயசை நெருங்குகிற பிள்ளைக்கு அது போதும் என்று பெருமையாக இருந்தேன். கிறிஸ்துமஸ் குடில் பார்க்கத் தூக்கிக்கொண்டு போனபோது, பூ எங்கே கண்ணு, பூ எங்கே என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். பூனை குறுக்கே ஓடியது, அதையும் பார்த்தாள். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஐந்தில் நாலு எங்கேயோ போய்விட்டது, அம்மா மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவும் அழுகையோடு சேர்ந்துதான் வரும்.

ஜனவரியில் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காலை முதல் பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னல் வழியாகப் பனி ஊசியாகக் குத்தியது. மகளைத் தூளியில் கிடந்த சட்டையால் இறுக்கிச் சுற்றி மடியில் வைத்திருந்தேன். வழி முழுக்கக் கைமுனையைச் சப்பிக்கொண்டே வந்தாள், அழவில்லை. பரவாயில்லையே, பஸ்ஸில் சமர்த்தாக வருகிறாளே என்று நினைத்தேன்.

குழந்தைகள் டாக்டர் வயசான பெண்மணி. பழைய சீட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக விரித்துப் படித்தார். ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், கண்ணை இழுத்துப் பார்த்தார். டானிக் ஒழுங்காகக் கொடுத்தாயா என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். பிறகுதான் நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். கலர் ரூம் பொறுப்பு என்னுடையது என்று சொன்னேன். எந்தெந்தப் பொடி என்று கேட்டார், சொன்னேன். மஞ்சளுக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

வேலை செய்கிற துணியோடு வீட்டுக்குப் போவாயா என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இல்லைங்க, ஏப்ரனை ரூமிலேயே மாட்டிவிடுவேன், கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவேன், சுவரில் விதி எழுதி ஒட்டியதே நான்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு சட்டைம்மா?"

நான் குனிந்து பார்த்தேன். மகள் கைமுனையை வாயில் வைத்திருந்தாள். தையல் இடுக்கில் மஞ்சள் இருந்தது. துவைத்தாலும் போகாத மஞ்சள், தினமும் பார்த்த மஞ்சள். கறை என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். தையலை விரலால் தேய்த்துப் பார்த்தேன். வீட்டுக்காரர்தான், என்னுதுங்க டாக்டர், பழசு என்றார்.

டாக்டர் எழுந்து வந்து அவள் வாயிலிருந்து அதை மெதுவாக எடுத்தார். அவள் அழ ஆரம்பித்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர நாலு நாள் ஆனது. காரீயம் அவள் ரத்தத்தில் இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. என் ரத்தத்திலும் இருந்தது. இனிமேல் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள், அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற மருந்து. மூக்கைப் பிடித்து வாயைத் திறந்து ஊற்ற வேண்டும். ஊற்றியது நான். வேறு யாரையும் ஊற்ற விடவில்லை.

வீட்டுக்கு வந்து தரை, சுவர், கட்டில்கால் என்று எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்தோம். தூளிச் சேலை, சட்டைகள் எல்லாம் பிளாஸ்டிக் பையில் போய் மூட்டையாகக் கட்டப்பட்டன. எரிக்கக் கூடாது, புகையில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மகளுக்கு அது எப்படிப் புரியும்? வெறும் தரையில் உட்கார்ந்து தூளி தொங்கிய இடத்தைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதாள். நான் தூக்கினால் கழுத்தைத் தடவிக் காலரைத் தேடினாள். பாலும் இல்லை, சட்டையும் இல்லை. பிள்ளையைப் பொறுத்தவரை ஒரே வாரத்தில் அம்மா செத்துப்போன மாதிரிதான். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான்தானுங்க அண்ணி துவைக்காதீங்கன்னு சொன்னேன் என்று. அவளை நான் எப்படிக் கோபிப்பேன்? ஊரே சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

மேடம் வீட்டுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் அத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. கப்பில் பூசக் கூடாது என்று சொன்னீர்கள், வாங்குகிறவர் வாய்க்குப் போகக் கூடாது என்று அத்தனை விதி போட்டீர்கள், இந்தச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் வாசலிலேயே நின்றார். மஞ்சளை நீதானே கேட்டாய் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீ சட்டை போட்டிருந்தத நான் தினமும் பாத்தேம்மா. பாத்தேன்னு இப்பதான் தெரியுது" என்றார்.

அந்தச் சட்டை என் உடம்பிலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. மலையில் நடக்கிற ஒவ்வொரு பெண்ணும் போட்டிருப்பது அது. பட்டறையில் மஞ்சளை மேடம் அன்றோடு நிறுத்திவிட்டார். சட்டை மூட்டையையும் மிச்சப் பொடியையும் பத்திரமாக அப்புறப்படுத்துகிறவர்களிடம் அவரே கொண்டுபோய் ஒப்படைத்தார். இப்போது அங்கே வேலைக்கு வருகிறவர்களுக்குத் துணி மாற்ற ஒரு தனி அறை உண்டாம். நான் வேலையை விட்டுவிட்டேன், போய்ப் பார்த்ததில்லை. சில வீடுகளில், ஓட்டல் தோட்டங்களில் எங்கள் மஞ்சள் மணிகள் இன்னும் தொங்குகின்றன. பஸ்ஸில் போகும்போது கண்ணில் பட்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

மாதக் கணக்கில் சேலத்துக்கு அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் அளவு கொஞ்சம் இறங்கியது. இரண்டு வயசு தாண்டி ஒரு நாள் பூ என்றாள். நான் வாசலில் நின்று ஓவென்று அழுதேன். மியா வந்தது, தா வந்தது. புது வார்த்தைகள் மெதுவாக வந்தன. மற்றப் பிள்ளைகளுக்கு ஓடி வருவது இவளுக்கு நொண்டி நொண்டி வந்தது. இருந்தாலும் வந்ததே. கடைசியாகப் போனபோது டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இனிமேல் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாம் போயிருச்சுங்களா டாக்டர் என்று கேட்டேன்.

அவர் உட்காரச் சொன்னார். ரத்தத்திலிருந்து போய்விட்டது, ஆனால் கொஞ்சம் எலும்பில் போய் உட்கார்ந்திருக்கும் என்றார். எலும்பிலிருந்து அது சீக்கிரம் போகாதாம், வருஷக் கணக்கில் அங்கேயே சத்தமில்லாமல் இருக்குமாம். அவள் நன்றாகச் சாப்பிட்டு, பால் குடித்து வளர்ந்தால் பயமில்லை. மகள் அவர் மேஜையிலிருந்த காகிதக் கிளிப்புகளை ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டிருந்தாள்.

"இவ பெரியவளாகி மாசமா இருக்கறப்ப, வயித்துல இருக்கற குழந்தைக்காக எலும்புல இருந்து சத்து இறங்கும். அதோட இதுவும் இறங்கலாம். அப்ப பாக்கற டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லணும்மா."

மறக்காமல். யார் மறக்காமல்? அதற்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. அப்போது நான் இருப்பேனோ, என் எலும்பில் இருப்பது என்னை என்ன செய்து வைத்திருக்குமோ, தெரியாது. இவளை எந்த ஊரில் கட்டிக் கொடுப்போமோ, அங்கே எந்த டாக்டரோ. கேட்கிறவரிடம் இவள்தான் சொல்ல வேண்டும். சர்க்கரைக்குப் போய்த் தீப்பெட்டியோடு வருகிற இவள்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரித் தாள்களை அவள் ஞானஸ்நானச் சீட்டோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தாள் தொலைந்து போகலாம், கறையான் அரிக்கலாம். அதனால் இதை எழுதுகிறேன். இதுவும் தொலையலாம் என்பதால் இன்னொன்றும் செய்கிறேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து செபம் சொல்வோம். ஆமென் சொன்ன பிறகு மகள் எழுந்திருக்கக் கூடாது. எனக்கு முன்னால் கையைக் கட்டி நின்று ஒரு வரி சொல்ல வேண்டும்: எனக்குச் சின்ன வயசுல உடம்புல காரீயம் போயிருக்கு. போன வருஷம் முழுக்க நான் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். இந்த வருஷம் அவளாகவே சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கிறேன்.

வரியின் முதல் பாதி கடகடவென்று வந்துவிடும். எனக்குச் சின்ன வயசுல, உடம்புல என்பாள். அங்கே நின்றுவிடுவாள். விட்டத்தைப் பார்ப்பாள், அப்பாவைப் பார்ப்பாள், பிறகு என் வாயைப் பார்ப்பாள். ஊரையே வாயால் அடக்குகிறவள் நான், உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். அவளுக்கு இது ஒரு விளையாட்டு. வார்த்தை கிடைக்காவிட்டால் சிரித்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், பழைய பழக்கத்தில் காலர் இருந்த இடத்தில் முகத்தை வைப்பாள்.

இன்றைக்கும் அந்த வார்த்தை வரவில்லை.